ஒரே சாவியைப் பற்றிய சண்டை

கேள்வி: என் பெரியப்பா சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர், வயது 68. ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியைத் தீவிரமாக ஆதரிப்பவர். பிடிஓ (விண்ணப்பித்தபின் கட்டித்தரப்படும் அரசு வீடு) வீட்டுக்காகக் காத்திருக்கும் என் தம்பியோ எதிர்க்கட்சிப் பக்கம். 2025 மே மாதப் பொதுத் தேர்தலின்போது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொருள், சேவை வரியில் தொடங்கிய வாக்குவாதம், “நன்றி கெட்ட தலைமுறை” என்று அவரும் “கண்மூடித்தனமான விசுவாசம்” என்று இவரும் எழுதுமளவுக்கு முற்றியது. அதன்பின் இருவரும் பேசுவதில்லை. தம்பிக்கு விரைவில் திருமணம். என்ன செய்வது?
(வாசகி, ஈசூன்)

பதில்: 1994இல் 3 விழுக்காடாக அறிமுகமான வரி 2024இல் 9 விழுக்காடானதைப் பற்றி எத்தனை நாள் வாதிட்டாலும் உறவு முறிந்துவிடாது. முறித்தவை நீங்கள் மேற்கோள் காட்டிய அந்த இரண்டு தொடர்களே.

சிங்கப்பூரிலிருந்து படைகளை மீட்டுக்கொள்ளப்போவதாக பிரிட்டன் 1968இல் அறிவித்து, 1971இல் பெரும்பாலான படையினரை வெளியேற்றியபோது, உங்கள் பெரியப்பா பதின்ம வயதுச் சிறுவர். தளத்து வேலையை ஒட்டிக் கிடைத்த வீடு, வேலை போனால் கூடவே போய்விடும் என்ற கவலையோடு அக்குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் பல. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கலாம் என்ற ஏற்பாடும் அதே 1968இல்தான் வந்தது. அந்த வயதில் அந்தக் கவலையைப் பார்த்த ஒருவர், ஆளுங்கட்சியைப் புகழும்போது சொந்த வீட்டின் சாவி முதன்முதலாகக் குடும்பத்தின் கைக்கு வந்த நாளையும் சேர்த்தே புகழ்கிறார் என்பது என் ஊகம். உங்கள் தம்பியின் கோபமும் ஒரு சாவியைப் பற்றியதுதான். அது இன்னும் அவர் கைக்கு வரவில்லை.

ஆகவே கட்சிப் பேச்சை விட்டுவிட்டு வீட்டுப் பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள். அதையும் வாட்ஸ்அப்பில் செய்யவேண்டாம். வெற்றிலை பாக்குத் தட்டில் அழைப்பிதழை வைத்துக்கொண்டு தம்பி நேரில் சென்று, தாம் எழுதிய சொல்லுக்கு மட்டும் வருத்தம் தெரிவிக்கட்டும். கருத்துக்கு வருத்தம் தெரிவிக்கத் தேவையில்லை. இளையவரே முதலில் இறங்கி வரவேண்டும் என்ற நம் வழக்கம் எப்போதும் நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இங்கே அது வேலையைச் சுலபமாக்கும். பிறகு செம்பவாங் வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், அங்கிருந்து எப்போது, எங்கே குடிபெயர்ந்தார்கள் என்று அவர் பெரியப்பாவிடம் கேட்கட்டும். அந்தக் கதை முடிந்ததும் பிடிஓ காத்திருப்பைப் பற்றித் தம்பி சொன்னால், அது குற்றச்சாட்டாகக் காதில் விழாது. பெரியப்பாவின் சொல்லும் தம்பியைப் புண்படுத்தியது என்பதை நீங்கள் பெரியம்மா வழியாகத் தெரிவிக்கலாம்.

வாக்களிப்பு நாளுக்கு முந்தைய நாள் பிரசாரம் கூடாது என்ற விதி 2011 பொதுத் தேர்தலிலிருந்து நடப்பில் உள்ளது. நலங்கு தொடங்கி விருந்துபசரிப்பு முடியும்வரை அந்த விதியை உங்கள் குடும்பத்துக்கும் நீட்டித்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு வாக்களித்தார் என்று கேட்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். வாக்கு ரகசியம் என்பது உறவினர்களுக்கும் பொருந்தும்.

அடுத்த தேர்தலிலும் இருவரும் வெவ்வேறு கட்டங்களில்தான் குறியிடுவார்கள். அதை மாற்ற முயலவேண்டாம். அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போது பெரியம்மா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.