ஒரு நாட்டின் வேளாண் மானியம் வேறொரு நாட்டின் விவசாயியை எப்படிப் பாதிக்கிறது?

உள்நாட்டு விவசாயிக்குத் தரப்படும் உதவி எல்லை தாண்டி எப்படிப் பாதிக்கும் என்ற கேள்விக்கு, அமெரிக்கப் பருத்தியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சந்தை விலை சரியும்போது விவசாயி சாகுபடிப் பரப்பைக் குறைப்பதே இயல்பு. ஆனால் விலைக்கும் அரசு நிர்ணயித்த இலக்கு விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அரசே ஈடுகட்டும்போது, அவர் பரப்பைக் குறைக்க வேண்டிய தேவை எழுவதில்லை. ஏற்றுமதியில் முன்னணியிலுள்ள அமெரிக்காவில் அவ்வாறு விளையும் உபரி உலகச் சந்தைக்கு வந்து, ஏற்கெனவே சரிந்த விலையை மேலும் அழுத்துகிறது. அந்த விலையை எந்தக் காப்பும் இன்றி ஏற்க வேண்டியவர்கள் மாலி, புர்கினா ஃபாசோ, பெனின், சாட் ஆகிய நாடுகளின் சிறு விவசாயிகள். இந்த நான்கு நாடுகளும் 2003இல் உலக வர்த்தக அமைப்பில் இதை முறையிட்டன.

அதற்கு முன்பே, 2002இல், அமெரிக்கப் பருத்தி மானியங்களுக்கு எதிராகப் பிரேசில் அதே அமைப்பில் வழக்குத் தொடுத்திருந்தது. 2005இல் மேல்முறையீட்டு அமைப்பும் பிரேசிலின் பக்கமே தீர்ப்பளித்தது. 2009இல் அமெரிக்காவுக்கு எதிராக வர்த்தகத்தில் பதில் நடவடிக்கை எடுக்கப் பிரேசிலுக்கு அனுமதி கிடைத்ததும், அமெரிக்கா தன் மானியங்களை முழுமையாகத் திருத்துவதற்குப் பதிலாக, பிரேசிலின் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. 2014இல் மேலும் 30 கோடி டாலருடன் வழக்கு முடிவுக்கு வந்தது. பதிலடி கொடுக்கும் வலிமை பிரேசிலுக்கு இருந்தது. அத்தகைய வலிமையற்ற அந்த நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் விவசாயிகளுக்கு இந்த உடன்பாட்டில் இழப்பீடு எதுவும் இல்லை என்பதே, என் பார்வையில், இவ்வழக்கின் பெரும் அநீதி.