பெரிய போன், ஒரு கை: கேள்வி பதில்

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டையும் பற்றிக் கேட்கலாம். "எந்த போன் வாங்கலாம்" மட்டும் இங்கே வேண்டாம்.

பஸ்பயணி: ஒரு கை கம்பியில், ஒரு கையில் சாம்சங் 6.7 இஞ்ச். மேலே உள்ள பட்டன் எதுவும் எட்டவில்லை அண்ணா. என்ன வழி?

விரலை மேலே அனுப்பாதீர்கள், திரையைக் கீழே இறக்குங்கள். செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ், அதற்குள் ஒன் ஹேண்டட் மோட். ஜெஸ்சரைத் தேர்ந்தெடுத்தால், திரையின் அடி விளிம்பு நடுவில் விரலை வைத்துக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். பட்டனைத் தேர்ந்தெடுத்தால் ஹோமை இருமுறை தட்ட வேண்டும். திரை சுருங்கி ஒரு மூலைக்கு வரும். அம்புக்குறியைத் தொட்டால் மறுபக்கம் போகும், வெளியே கறுப்புப் பகுதியைத் தொட்டால் பழையபடி விரியும்.

வேலை செய்யவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் விரலை உயரத்தில் வைத்து இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் திரையில் உள்ள பக்கம்தான் நகரும். அடுத்த குற்றவாளி போனின் கேஸ், அதாவது உறை. அடி விளிம்பு மேடாக இருந்தால் விரல் ஓரத்தைத் தொடவே தொடாது.

இன்னும் வசதி வேண்டுமென்றால் சாம்சங்கின் சொந்த ஆப், ஒன் ஹேண்ட் ஆபரேஷன் பிளஸ். பக்க ஓரத்தில் ஒரு கைப்பிடி வரும். நேராக இழுக்க ஒன்று, சாய்வாக மேலே ஒன்று, சாய்வாகக் கீழே ஒன்று என்று வேலைகளை ஒதுக்கலாம். நோட்டிபிகேஷன் பேனலை ஒரு திசைக்குக் கொடுத்துவிடுங்கள், மேலே போகும் வேலை பாதி குறையும். கைப்பிடி அகலத்தை மட்டும் ஒல்லியாக வையுங்கள். அகலமானால் கீபோர்டின் ஓர எழுத்துகளைத் தின்னும்.

ஆப்பிள்காரி: ஐபோனில் ரீச்சபிலிட்டி ஆன் செய்தும் வரவில்லை.

செட்டிங்ஸ், அக்சஸபிலிட்டி, டச், ரீச்சபிலிட்டி. அடியில் உள்ள கோட்டின் மேலேயே விரலை வைத்துக் கீழே தள்ளுங்கள். ஹோம் பட்டன் உள்ள மாடலில் பட்டனை அழுத்தக் கூடாது, மெல்ல இருமுறை தொட்டால் போதும். அழுத்தினால் ஆப் மாற்றும் திரை வந்துவிடும். இது சாம்சங் மாதிரி சுருக்காது, மேல் பாதியைக் கீழே இறக்கும், அவ்வளவுதான்.

கேஸ் விளிம்பு தடுத்தால் அதே டச் பக்கத்தில் பேக் டேப் இருக்கிறது. ஐபோன் 8 முதல், ஐஓஎஸ் 14 முதல் உண்டு. முதுகில் இருமுறை தட்டினால் ரீச்சபிலிட்டி வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

குழப்பம்: 6.1-ஆ 6.7-ஆ? ஒரு கைக்கு எது?

வாங்கும் கேள்வி வேண்டாம் என்றேன். ஆனாலும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தப்பான எண்ணைப் பார்க்கிறார்கள். இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. கை பிடிப்பது அகலத்தை. 2014-இல் வந்த ஐபோன் 6 பிளஸ் 5.5 இஞ்ச், அகலம் 77.8 மி.மீ. 2023-இன் 15 புரோ மேக்ஸ் 6.7 இஞ்ச், அகலம் 76.7 மி.மீ. திரை பெருத்தது, உடம்பு பெருக்கவில்லை, ஓரக் கறுப்புதான் போனது. சோனி எக்ஸ்பீரியா 1 போன்ற ஒடுக்கமான, நீளமான 21:9 போன்கள் 6.5 இஞ்சிலும் 72 மி.மீ.தான். எடையையும் பாருங்கள்.

திருச்சி: மேலே உள்ள பட்டன் எட்டவில்லை, என்ன செய்யலாம்?

முதல் பதில்.

மூன்றுபட்டன்: ஓரத்திலிருந்து விரலை இழுத்துப் பின்னால் போகும் ஜெஸ்சர் எல்லாம் விளம்பரம் சார். திரை அடியில் பேக், ஹோம் என்று வரும் பழைய மூன்று பட்டன்தான் ஒரு கைக்கு நல்லது.

இல்லை. கூகுளின் பிக்சல் போனில் பேக் இடது கீழ் மூலையில் இருக்கிறது. வலது கட்டைவிரல் முழு அகலத்தையும் கடக்க வேண்டும். சாம்சங்கில் வலது கீழ் மூலை. அது கட்டைவிரலின் அடிக்கே பக்கம், விரலை மடக்கித்தான் தொட முடியும். ஜெஸ்சரில் இரண்டு ஓரத்திலிருந்தும், விரல் நிற்கும் உயரத்திலேயே பேக் போகலாம்.

மூன்றுபட்டன்: பக்க மெனு இழுத்தால் ஆப்பை விட்டே வெளியேறுகிறதே? போட்டோ ஓரத்தை கிராப் செய்யவும் முடியவில்லை.

கிராப் நியாயமான புகார். படத்தை முதலில் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். மெனுவுக்கு வழி உண்டு. பிக்சலில் நேவிகேஷன் மோட் பக்கத்தில் பற்சக்கரத்தைத் தொட்டால் இடது, வலது ஓரங்களுக்குத் தனித்தனி உணர்திறன். வலது கைக்காரர் இடதைக் குறைத்துவிடலாம்.

சேலம்: சாம்சங்கில் பட்டன் வரிசையை மாற்றலாமே? இவருக்கு அதைச் சொல்லவில்லையே.

மாற்றலாம். டிஸ்ப்ளே, நேவிகேஷன் பார், பட்டன் ஆர்டர். மாற்றினால் பேக் தூரத்து மூலைக்குப் போகும். மடக்குவதற்குப் பதில் நீட்டுவது.

மூன்றுபட்டன்: பத்து வருஷமாக இதே பட்டன், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

அது பழக்கம். பழக்கம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இடதுகை: ஐபோனில் பேக் இடது ஓரத்தில் மட்டும்தானே?

உங்களுக்கு யோகம். வலது கைக்காரர்கள்தான் பாவம். ஐஓஎஸ் 26-இல் பல ஆப்களில் நடுத்திரையிலிருந்தே வலப்பக்கம் தள்ளிப் பின்னால் போகலாம்.

எழுத்தாணி: தமிழ் டைப்பிங் ஒரு கையில்?

கூகுளின் கீபோர்டு ஆப்பான ஜிபோர்டில் கமா விசையை அழுத்திப் பிடித்தால் கையுடன் கூடிய கீபோர்டு சின்னம் வரும், அதன் மேல் விரலை நகர்த்துங்கள். கீபோர்டு ஒரு பக்கம் ஒதுங்கும். தமிழ் எழுத்துப் பலகையில் விசைகள் அதிகம், ஒதுக்கினால் நெருக்கம் தாங்காது. செட்டிங்ஸில் கீபோர்டு உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது அம்மா என்று வர amma என ஆங்கில எழுத்தில் அடிக்கும் பலகைக்கு மாறுங்கள். நீளமாக எழுத வேண்டுமென்றால் மைக்.

மதுரை: மிதக்கும் பேக் பட்டன் ஆப் ஒன்று பார்த்தேன், போடலாமா?

அக்சஸபிலிட்டி அனுமதி கேட்கிறதா? கேட்கும். அதைக் கொடுத்தால் திரையில் உள்ள எழுத்தைப் படிக்கவும், உங்களுக்குப் பதில் தட்டவும் அந்த ஆப்பால் முடியும். ஓடிபியும் திரையில்தான் வருகிறது. போனுடனேயே வரும் வசதி இருக்கும்போது இது எதற்கு?

ஏபிகே: வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு), அதே மாதிரி ஆப்தான், ஆண்ட்ராய்டு 13 அனுமதிக்க மறுக்கிறது. எப்படித் தாண்டுவது?

மறுப்பது உங்களைக் காப்பாற்றத்தான். தாண்டும் வழி சொல்ல மாட்டேன். நீக்குங்கள்.

மோதிரம்: பின்னால் ஒட்டும் ரிங் இரண்டு நாளில் விழுகிறது.

சிலிக்கான் கேஸில் பசை நிற்காது. கடினமான பிளாஸ்டிக் கேஸுக்கு மாற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, அரை நிமிடம் அழுத்தி ஒட்டி, ஓர் இரவு தொங்கவிடாமல் வையுங்கள். இடம் முக்கியம். கேஸோடு போனை ஒற்றை விரலில் படுக்க வைத்துப் பாருங்கள், சாயாமல் நிற்கும் புள்ளிதான் இடம். கேமரா கனத்தால் அது நடுவுக்குச் சற்று மேலே வரும். வயர்லெஸ் சார்ஜ் செய்பவர்கள் காந்த ரிங் வாங்குங்கள், கழற்றி வைக்கலாம்.

சுண்டுவிரல்: கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி. பிடிப்பதில் தப்பா?

சுண்டுவிரலை அடியில் முட்டுக்கொடுத்து, கட்டைவிரலை மேல் மூலைக்கு நீட்டுவதை இன்றே நிறுத்துங்கள். வலி இரண்டு வாரம் தாண்டினால், அல்லது முஷ்டி மடக்கும்போது சுரீரென்றால், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இங்கே வேண்டாம்.

டூவீலர்: வண்டி ஓட்டும்போது ஒரு கையில் மேப் ஜூம் செய்ய?

ஓட்டும்போது கிடையாது. நிறுத்திய பிறகு இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் மேலும் கீழும் நகர்த்துங்கள்.

கடலூர்: மேல் பட்டன் எட்டவில்லை...

முதல் பதில், முதல் பதில்.

கடலூர்: படித்தேன் சார். என்னுடையது பிக்சல்.

மன்னிக்கவும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஜெஸ்சர்ஸ், ஒன் ஹேண்டட் மோட். ஆண்ட்ராய்டு 12 முதல் உண்டு. சுருங்காது, ஐபோன் போலக் கீழே இறங்கும். கேஸ் விளிம்பைப் பாருங்கள்.