பால் வெட்டும் கைக்கு எந்த வாட்ச்?

கேள்வி (குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி): அப்பாவுக்கு 58 வயது. விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். சுகரும் பிரஷரும் உண்டு. குவைத்தில் இருக்கும் அண்ணன் போன வருஷம் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்வாட்ச் இரண்டு மாதத்தில் டிராயருக்குள் போய்விட்டது. இப்போது சுகர், பிரஷர் எல்லாம் காட்டும் என்று ஆன்லைனில் 2,500 ரூபாய்க்கு ஒன்று வருகிறது. அதை வாங்கலாமா, இல்லை இன்னும் நல்லது வரட்டும் என்று பொறுக்கலாமா?

பதில்: அந்த 2,500 ரூபாய் வாட்ச் வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். தோலுக்குள் எதுவும் போகாமல் சுகரை அளக்கிற வாட்சுக்கோ மோதிரத்துக்கோ தாங்கள் அனுமதி கொடுத்ததே இல்லை, அப்படிச் சொல்லி விற்பதை நம்பாதீர்கள் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற எஃப்.டி.ஏ. பகிரங்கமாகவே எச்சரித்தது. காசு போவதுகூடப் பெரிதில்லை. உங்கள் அப்பா ஒரு கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு மரம் மரமாக நடந்து வெட்டுகிறவர், சுகர் தாழ்ந்து கண் இருட்டும் நேரத்தில் இது 110 என்று காட்டினால் அவரும் ‘சரி, தூக்கக் கலக்கம்தான்’ என்று அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். நிஜமாகவே தொடர்ந்து சுகர் பார்க்க வேண்டுமென்றால் கையின் மேல்பகுதியில் ஒட்டுகிற சென்சார் இருக்கிறது, ஃப்ரீஸ்டைல் லிப்ரே மாதிரி. மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் இருக்கும், 14 நாள் வரும். ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய் என்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிரஷரும் கிட்டத்தட்ட அதே கதைதான். வாட்சின் அடியில் பச்சை வெளிச்சம் மினுங்குகிறதே, அது ரத்தம் ஓடும்போது எவ்வளவு வெளிச்சம் உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து நாடியை எண்ணுகிறது, அவ்வளவுதான். அதிலிருந்து பிரஷரை ஊகிக்கிற சாம்சங் வாட்சைக்கூட 28 நாளுக்கு ஒருமுறை கையில் பட்டை சுற்றும் மெஷினோடு ஒத்துப்பார்த்துச் சரி செய்ய வேண்டும். ஹுவாவே வாட்ச் டி-யின் வாரில் காற்று ஊதுகிற பட்டையே உண்டு, ஆனால் அதன் விலை வேறு. விலை மலிந்த வாட்சுகளில் பிரஷர் என்று வருகிற எண்ணைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

சரி, பழைய வாட்ச் ஏன் டிராயருக்குள் போனது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊகிப்பது கஷ்டமில்லை. இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை, சந்தை நிலவரத்தைக் கணக்கெடுக்கிற ஐடிசி நிறுவனத்தின் கணக்குப்படி 2024-ல் இந்தியாவில் ஸ்மார்ட்வாட்ச் வரத்து முந்தைய வருஷத்தைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. முதல் வாட்சைத் தூக்கி வைத்தவர்கள் இரண்டாவது வாங்கவில்லை என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். ஏசி ஆபீசில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் நடக்கப் போகிறவருக்காகச் செய்த பொருளை, கையால் வேலை செய்கிறவரிடம் கொண்டுவந்து கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

பால் பட்ட விரலால் அந்தத் திரையைத் தேய்த்துப் பாருங்கள். தொடுதிரை விரலின் மின்னேற்றத்தை வைத்து வேலை செய்கிறது, ஈரம் பட்டால் அதற்கு விரல் எது தண்ணீர் எது என்று தெரியாது, அதுவாக எதையாவது திறக்கும் அல்லது அசையாமல் கிடக்கும். மழைக்காலத்தில் நம் ஊரில் ஈரமில்லாத கை யாருக்கு இருக்கிறது? அழுத்தினால் ‘டக்’ என்று தெரிகிற இரண்டு பட்டன் போதும், பல கம்பெனிகள் அழகு கெடுகிறது என்று அதை எடுத்துவிட்டன. அப்புறம் நாடி. கத்தி மரத்தைச் சுற்றி ஒரே தாளத்தில் போகும்போது மணிக்கட்டின் ஆட்டத்தையே நாடித்துடிப்பு என்று வாட்ச் எண்ணிவிடுவது உண்டு. வேலை நேரத்தில் 150 என்று வந்தால் பயப்படவும் வேண்டாம், 80 என்று வந்தால் நிம்மதியாகவும் வேண்டாம். ராத்திரி தூங்கும்போது எடுக்கிற அளவுதான் நம்பத் தகுந்தது, அதுவும் ஒருநாள் எண்ணை விட்டுவிட்டு வாரக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டெப் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நம் ரோட்டுக் குண்டு குழியில் பைக்கில் போனாலே பாதி நடை ஏறிவிடும்.

பேட்டரி அடுத்த தலைவலி. பளபளக்கும் திரைக்குத்தான் நிறைய சார்ஜ் போகிறது. 2013-ல் வந்த பெபிள் வாட்ச் சார்ஜ் அதிகம் தின்னாத கறுப்பு வெள்ளைத் திரையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வரை ஓடியது, வெயிலில் நன்றாகத் தெரியவும் செய்தது. அந்தப் பாதையை விட்டுவிட்டு பெரும்பாலான கம்பெனிகள் குட்டி டிவி செய்யக் கிளம்பின. அண்ணன் குவைத்திலிருந்து தமிழில் வாட்ஸ்அப் அனுப்பினால் மலிவு வாட்சுகள் பலவற்றில் கட்டம் கட்டமாகத்தான் வரும், அல்லது கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும். தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டுவது பெரிய வித்தையே இல்லை. சோம்பல்தான்.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு உண்மையில் பயன்படக்கூடியது விழுந்தால் கண்டுபிடிக்கிற வசதி. பலமாக மோதி, பிறகு கை அசையவே இல்லை என்றால் வாட்ச் கேட்கும், பதில் இல்லாவிட்டால் போன் போட்டுவிடும். 2018-லேயே ஆப்பிள் வாட்சில் வந்துவிட்டது. சிக்கல் எங்கே என்றால், சிம் இல்லாத வாட்சுக்கு போன் பக்கத்தில் வேண்டும், ப்ளூடூத் எட்டுவது பத்து மீட்டர் போல. போனை பைக்கில் வைத்துவிட்டு நாலு வரிசை மரம் தள்ளிப் போனால் வாட்ச் தனியாகிவிடும். இ-சிம் உள்ள வாட்ச் வாங்கினாலும் பேச்சிப்பாறைப் பக்கம் மலையோரத்தில் டவர் கிடைத்தால்தான் உண்டு. அதனால் போனை இடுப்பில் ஒரு பையில் கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், இதுதான் இன்றைக்குள்ள வழி.

கடல் பக்கம் இன்னும் பெரிய இடைவெளி இருக்கிறது. 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு தூத்தூர், வள்ளவிளை பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள், மணிக்கட்டில் எது வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். ஜிபிஎஸ் மாதிரி நாம் இருக்கும் இடத்தைக் காட்டுகிற நம் நாட்டு நேவிக் செயற்கைக்கோள்கள் ஆரம்பத்தில் வேறு அலைவரிசையில் இருந்தன, 2023 மே மாதம் போன என்விஎஸ்-01 தான் சின்ன, மலிவான சிப்புகளுக்குத் தோதான எல்1 அலைவரிசையை முதலில் கொண்டுபோனது. வாட்சுக்குள் நேவிக் வர இது வழி செய்கிறது. நேவிக் நாம் இருக்கும் இடத்தைச் சொல்லுமே தவிர கரைக்குப் பேசாது, அதற்குப் படகில் உள்ள டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி அனுப்பும் கருவி, வேண்டும். வாட்சை அதோடு இணைத்து, ஆள் கடலில் விழுந்து தொடர்பு அறுந்த நொடியில் படகில் மணி அடிக்க வைத்தால் போதும். இதய வடிவத்தில் நூறு வாட்ச்ஃபேஸ் கொடுப்பதைவிட இதை ஒரு கம்பெனி செய்தால் குளச்சல் முழுக்க விற்கும்.

இனி உங்கள் பணம். அதெல்லாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் மேல்கையில் சுற்றும் பிரஷர் மெஷினும் குளுக்கோமீட்டரும் வீட்டில் இல்லையென்றால் அவற்றை வாங்குங்கள். மிச்சம் இருந்தால் நாலைந்தாயிரத்துக்குள் பட்டன் உள்ள, 5 ஏடிஎம் (தண்ணீர் தாங்கும் அளவு) போட்ட, பத்து நாள் சார்ஜ் நிற்கும் வாட்ச் ஒன்று, நாடிக்கும் தூக்கத்துக்கும் போதும். ஈசிஜி உள்ள வாட்சுகூட மாரடைப்பைக் கண்டுபிடிக்காது, அதனால் நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

ஆன்லைனில் வாங்காமல் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விரலை நனைத்துவிட்டு இயக்கிப் பார்க்கட்டும், வெளியே வெயிலில் மணி தெரிகிறதா என்று பார்க்கட்டும், உங்கள் போனிலிருந்து தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை. சார்ஜர் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று கேட்க மறக்காதீர்கள், ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு காந்த சார்ஜர், அது இல்லாவிட்டால் வாட்ச் திரும்பவும் டிராயருக்குத்தான்.