நான்கு வளையங்களில் இரண்டு போதுமா?

கேள்வி: சென்னை கத்திபாராவைப் போன்ற, நான்கு மூலைகளிலும் வளையச் சாலை கொண்ட குளோவர் இலை வடிவ மேம்பாலங்களை அமெரிக்க நகரங்களில் மாற்றிக் கட்டுகிறார்கள் என்று படித்தேன். சிக்னலே தேவைப்படாத அமைப்பில் அப்படி என்ன குறை? (வாசகர், பல்லாவரம்)

பதில்: குறையெல்லாம் ஒரு வளையம் முடிந்து அடுத்தது தொடங்கும் சிறு இடைவெளியில்தான் இருக்கிறது. இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில், வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் குறுக்குச் சாலையைத் தாண்டிப் போய், இடப்புறம் பிரியும் வளையத்தில் முக்கால் வட்டம் சுற்றி அச்சாலையை அடைகிறார். அப்படி வேகம் குறைந்து வந்து சேர்பவரும், அடுத்த வளையத்தில் இறங்குவதற்காக இடப்பக்கம் ஒதுங்குபவரும் அந்தச் சிறு தூரத்துக்குள் ஒருவர் பாதையில் மற்றவர் குறுக்கிட்டே ஆக வேண்டும். வண்டிகள் குறைவாக இருந்த காலத்தில் இது பொருட்டாக இல்லை. நெரிசல் நேரத்திலோ அங்கே தேங்கும் வரிசை நேராகச் செல்பவர்களையும் மறித்துவிடுகிறது. அமெரிக்காவின் முதல் குளோவர் இலைச் சந்திப்பு, நியூ ஜெர்சி மாநிலத்தின் உட்பிரிட்ஜில் 1929-இல் திறக்கப்பட்டது. அதுவே பின்னாளில் சிக்னலுடன் கூடிய எளிய சந்திப்பாக மாற்றப்பட்டுவிட்டது.

மாற்று வடிவம் எதுவென்பது, குறுக்கே வருவது நெடுஞ்சாலையா, நகரத் தெருவா என்பதைப் பொறுத்தது. தெருவானால், எதிரெதிர் மூலைகளில் உள்ள இரு வளையங்களை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுவார்கள். குறுக்கீடு தீர்ந்துவிடும், வளையம் எடுக்கப்பட்ட இரு திருப்பங்களுக்கான சிக்னலும் தெருவில்தான் அமையுமே தவிர நெடுஞ்சாலையில் அமையாது. நடந்து கடப்பவர்களுக்கும் இதுவே நல்லது. எங்கும் நிற்காத வண்டிகளுக்கு நடுவே அவர்கள் எப்போதுதான் சாலையைக் கடப்பது? இரண்டுமே நெடுஞ்சாலையானால் சிக்னல் உதவாது. மிகுதியாக நெரியும் வளையத்துக்குப் பதிலாக நேரடிப் பாலம் ஒன்றைக் கட்ட வேண்டும், அதற்குச் செலவு அதிகம்.

கேள்வி: அப்படியானால் கத்திபாராவையும் மாற்றிவிடலாமா? (அதே வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். அங்கே சந்திப்பவை நெரிசல் மிக்க பெருஞ்சாலைகள். 2008-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் கீழுள்ள இடமும் இப்போது கடைகளுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் பயன்பட்டு வருகிறது. ஒவ்வொரு வளையத்திலும் மணிக்கு எத்தனை வண்டிகள் ஏறி இறங்குகின்றன என்று முதலில் எண்ண வேண்டும். எந்த இடைவெளியில் குறுக்கீடு மிகுதியோ, அங்கே வளைய வண்டிகளுக்கென ஒரு தடத்தைத் தடுப்பு வைத்துப் பிரித்துவிட முடிந்தால், எதையும் இடிக்காமலேயே நேர்ச்சாலை நெரிசல் குறையும்.