கரண்ட் வைத்த தாடையில் பல் பிடுங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. கன்னத்தில் கேன்சர் வந்து ஆபரேஷன் செய்து, அப்புறம் 33 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை, ரேடியோதெரபி) வைத்தார்கள். முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது கீழே கடைவாய்ப் பல் ஆடுகிறது, ராத்திரியில் வலிக்கிறது. ஊருக்கு வந்த இலவச முகாமில், உடனே பிடுங்கி செட் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகி, பண்ருட்டி)

பதில்: முகாமில் பிடுங்க வேண்டாம். இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

கரண்ட் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். மேலே ஈறு நன்றாகத்தான் தெரியும். ஆனால் பல் எடுத்த குழி மற்றவர்களுக்கு மூடுவதுபோல் இவர்களுக்கு மூடாமல் போகலாம். உள்ளே எலும்பு செத்து, ஈற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். கீழ்த்தாடையில்தான் இது அதிகம். ஒன்றரை வருடம் ஆகிவிட்டதே என்று தைரியம் கொள்ளாதீர்கள், பத்து வருடம் ஆனாலும் இந்த ஆபத்து போகாது.

முகாமைவிட, அதன் பின்னால் வரும் ஏஜென்ட்டைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். செல்போனில் பல் செட் படங்களைக் காட்டி, ஒரே நாளில் வேலை முடியும் என்பார். கரண்ட் வைத்தீர்களா என்று கேட்க மாட்டார், ஆள் பிடித்தால் அவருக்குக் கமிஷன். என்னிடம் வந்த ஒரு பெரியவரின் வாயில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு முகாமில் இரண்டு பல் எடுத்திருக்கிறார்கள். அந்த ஏஜென்ட்டின் கார்டு இன்னும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

அதற்காக எடுக்கவே கூடாது என்று பிடிவாதமாக இருந்துவிடாதீர்கள். இதையும் தப்பாகப் புரிந்துகொண்டு, சீழ் கோத்து கன்னம் வீங்கிய பிறகும் வீட்டிலேயே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீழும் அந்த எலும்பைக் கெடுக்கும். சொத்தைதான் காரணம் என்றால் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து பல்லைக் காப்பாற்றப் பார்ப்போம். காப்பாற்ற முடியாத அளவுக்கு ஆடினால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பல் மட்டும், எலும்பை அதிகம் நோண்டாமல், ஈற்றைத் தைத்து மூடி, ஆறும்வரை திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்ப்பவரிடம் எடுக்க வேண்டும். புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, உங்கள் பக்கம் சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாய், தாடை அறுவை சிகிச்சைப் பிரிவைக் கேட்டுப் போங்கள்.

போகும்முன் கரண்ட் வைத்த ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் வாங்குங்கள். எந்தப் பக்கம், மொத்தம் எத்தனை கிரே (கரண்டின் அளவைச் சொல்லும் கணக்கு) என்று அதில் இருக்க வேண்டும். 60 கிரே, அதற்கு மேல் என்றால் நாங்கள் ரொம்பவே யோசிப்போம். டிஸ்சார்ஜ் சீட்டில் 'ரேடியோதெரபி முடிந்தது' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு பல் டாக்டர் என்ன செய்வார்? கரண்ட் தொடங்கும் முன்பே பல் பரிசோதனைக்கு அனுப்பி, கெட்ட பல்லை எடுத்து, இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டிருக்க வேண்டும். பல பேருக்கு அது நடப்பதில்லை. அந்தப் பிரிவு வேறு, இந்தப் பிரிவு வேறு, நடுவில் அலைவது நோயாளி.

கரண்ட் வைத்ததால் எச்சில் வற்றிய வாயில் சொத்தை வேகமாக வரும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, சாப்பிட்டதும் தூங்கப் போகும்போதும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஃப்ளோரைடு அதிகமுள்ள பேஸ்ட்டை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எரிச்சல் தரும் ஆல்கஹால் மவுத்வாஷும், வலிக்கு வைக்கும் கிராம்புத் தைலமும் வேண்டாம். புகையிலை ஒரு துளிகூடக் கூடாது.

இன்னொன்று. அப்பாவின் மூன்று விரலை நெட்டாக அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே நுழைகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டுதான் நுழைகிறது என்றால் வாய் திறக்கும் பயிற்சியை உடனே தொடங்க வேண்டும். இப்போதே அப்படி இருந்தால், பல் வலி அடங்கட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே கூட்டிப் போங்கள். வாய் இறுகிவிட்டால் கடைவாய்ப் பல்லை எட்டிப் பார்க்கவே எங்களால் முடியாது.