முதலில் மேளம், பிறகு சாப்பாடு

கேள்வி: என் கணவரும் நானும் முள்ளியவளையில் வசிக்கிறோம். மணமாகிப் பல ஆண்டுகளாகியும் யாழ்ப்பாணத்துக்கு நாங்கள் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கந்தோர் அலுவல்களுக்கும் கலியாண வீடுகளுக்குமே. இப்போது பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு சனி ஞாயிறு இருவருமாகப் போய், நல்ல சாப்பாடு சாப்பிட்டு, நல்ல இசை கேட்டு வர விரும்புகிறோம். அவருக்குப் பனங்கள்ளு குடிக்கவும் ஆசை. எப்போது போவது, எங்கே சாப்பிடுவது?
– வாசகி, முள்ளியவளை

பதில்: சாப்பாட்டை வைத்து நாள் குறிக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் நல்ல சாப்பாடு வருடம் முழுவதும் கிடைக்கும். நல்ல இசையோ கோயில் கொடியேற்றங்களோடு வந்து அவற்றோடு போய்விடுவது. சபாக்களும் மண்டபங்களும் அங்கே இல்லாமலில்லை. பொது நூலகத்துக்கு அருகே இந்திய உதவியுடன் கட்டப்பட்ட பண்பாட்டு மையம் இருக்கிறது. மருதனார்மடத்தில் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பீடமும் இருக்கிறது. ஆனாலும் அந்த மண்ணுக்கே உரிய இசை எதுவென்று கேட்டால், இரவுத் திருவிழாவில், சுவாமி வீதியுலா வரும்போது கேட்கும் நாதஸ்வரத்தையும் தவிலையும்தான் சொல்வேன். 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வரக் கலைஞர் என்.கே.பத்மநாதனும் அளவெட்டியின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு சென்றவர்கள். அளவெட்டி, இணுவில் போன்ற ஊர்களில் அந்தக் கலை இன்னும் குடும்பத் தொழிலாகவே தொடர்கிறது. தவில்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் கச்சான் கடைப் பக்கம் போகாமல் நின்று கேட்கிற கூட்டத்தோடு நீங்களும் நில்லுங்கள்; கணக்கு விளங்காவிட்டாலும் பாதகமில்லை.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். இசைக்குப் பேர்போன காலம், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் கொடியேறுவதிலிருந்து, ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறி, அங்கே 25 நாள் திருவிழா முடியும் வரையுள்ள காலமாகும். ஆனால் நல்லூர்த் திருவிழா நாட்களில் பெரும்பாலான வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடுவதில்லை, விடுதிகளில் அறை கிடைப்பதும் அரிது. நண்டும் கள்ளும் தேடி அந்த நாட்களில் போவது, கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆகவே நல்லூரைத் தனியாக, சைவப் பயணமாக இன்னொரு முறை வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையில் போங்கள். அந்த மாதங்களிலும் குடாநாட்டின் சின்னக் கோயில்கள் பலவற்றில் திருவிழா நடக்கும், பனையும் நன்றாகக் கள்ளு சுரக்கும். எந்த ஊரில் எந்த இரவு மேளக்கச்சேரி என்பதை யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் விளம்பரங்களிலும் சுவரொட்டிகளிலும் பார்த்துக்கொண்டு நாளைக் குறியுங்கள். (வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாளில் முள்ளியவளைக்காரரை ஊரை விட்டுப் போகச் சொல்லும் துணிவு எனக்கில்லை.) பௌர்ணமி நாளான போயா தினத்தையும் தவிர்த்துவிடுங்கள், அன்று நாடு முழுவதும் மதுவும் இறைச்சியும் விற்க முடியாது.

நந்திக்கடல் இறால் தின்று வளர்ந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்து இறால் பெரிய புதுமையாக இராது. அங்கே போய்த் தேட வேண்டியது, நம்முடைய பக்கத்தில் எளிதில் கிடைக்காதவற்றை. சனி மதியம் பெரியகடைப் பக்கம் மலாயன் கபேயில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுங்கள். மரக்கறிதான், ஆனால் குறை சொல்ல இடமிராது. பின்னேரம் நல்லூரில் றியோ ஐஸ்கிறீம் குடியுங்கள். அங்கே தம்பதியரும் தாத்தா பாட்டிமாரும் ஒரே மேசையில் இருப்பார்கள். யாரும் உங்களை உற்றுப் பார்க்கமாட்டார்கள். அம்மாச்சி உணவகம் வன்னியிலும் இருப்பதால் அதற்காக அங்கே நேரம் செலவிட வேண்டாம்.

ஒடியல் கூழைப் பற்றி ஒரு வார்த்தை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கயர் நீக்கி, மீன் தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில் வேக, பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்து இறக்குகிற கூழ், இரண்டு பேருக்காகச் சமைக்கக்கூடியதன்று. கடையில் கேட்டால் எப்போதோ வைத்ததைச் சூடாக்கித் தருவதும் உண்டு. ஆதலால், வீட்டோடு சேர்ந்த சிறிய விடுதியாகப் பார்த்துத் தங்கி, முதல் நாளே சொல்லிவைத்து, ஞாயிறு மதியம் அந்த வீட்டாரோடு சேர்ந்து பனையோலைப் பிளாவில் குடியுங்கள். குடித்த பிறகு படுக்காமல் இருப்பவர் அரிது. பஸ் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளுக்கு நேரம் முக்கியம். முட்டியில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடுவதால், காலையில் இனிப்பாயிருக்கும் கள்ளு பின்னேரத்துக்குள் புளித்து வெறியும் ஏறிவிடும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் தவறணை எனும் கள்ளுக்கடைகளில் பெண்கள் இருந்து குடிக்கும் வழக்கமில்லை. அதை நான் சரியென்று சொல்லவில்லை, ஆனால் ஓய்வுக்காகப் போகிற நீங்கள் அங்கே போராடவும் வேண்டியதில்லை. விடுதிக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உங்கள் கணவர் காலையில் போத்தலில் வாங்கி வரட்டும். போத்தலை இறுக மூடக்கூடாது. கள்ளு நுரைத்து மூடியைத் தள்ளிவிடும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்குகிற கருப்பணி புளிப்பதில்லை, வெறிப்பதுமில்லை. அது கிடைத்தால் உங்களுக்கு அதுவே போதும். கள்ளுக் குடித்த கையோடு அவர் மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: இதே போன்ற பயணத்துக்கு வவுனியாவிலிருந்து புறப்படும் நாங்கள் பஸ்ஸில் போவதா, ரயிலில் போவதா?
– வாசகர், வவுனியா

பதில்: ரயிலில் போங்கள். போரினால் அறுந்துகிடந்த பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் திறக்கப்பட்டது. ஆனையிறவில் இரு பக்கமும் நீரேரி தெரியப் போகிற அந்தச் சில நிமிடங்களுக்காகவே யன்னலோரம் கேட்டு வாங்கலாம். ஆனால் ஞாயிறு மாலையில் தெற்கே திரும்பும் ரயில்களில் மாணவர்களும் உத்தியோகத்தர்களும் நிறைந்துவிடுவார்கள். திரும்பும் இருக்கைகளையும் புறப்படுமுன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.