இறாலின் ரத்த அணுக்கள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

ஈசூன் அக்கா: தேக்காவில் வாங்கிய இறாலை உரித்தால் ரத்தமே வருவதில்லையே, ஏன்?

வருகிறது அக்கா, நிறமில்லாததால் தண்ணீர் என்று நினைத்துக் கழுவிவிடுகிறீர்கள். நம் ரத்தத்தில் இரும்பு, அதில் செம்பு. ஆக்சிஜன் ஏறினால் இளநீலமாகும். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனின் திரவத்திலேயே கரைந்திருப்பதால், அணுக்களுக்கு அந்தச் சுமை இல்லை. காவல் காப்பதும் காயத்தை அடைப்பதும்தான் அவற்றின் வேலை.

ஜூரோங் மாணவர்: கிருமி நுழைந்தால் அணுக்கள் பெருகும் என்று படித்தேன் அண்ணே. பாக்டீரியா ஊசி போட்டு எண்ணினால் குறைந்துபோயிருந்தது. என் கணக்கு தப்பா?

எப்போது எண்ணினீர்கள் தம்பி? முதல் சில மணி நேரத்தில் குறையத்தான் செய்யும். அணுக்கள் ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் இறங்கி, கிருமியைச் சூழ்ந்து முடிச்சுப் போடுகின்றன. செவுளில் கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் அவை இந்த முடிச்சுகளாக இருக்கலாம். சில வெடித்துச் சாகவும் செய்கின்றன.

பெருக்கம் அதற்கு அப்புறம். இரைப்பையை ஒட்டியும் தாடைக்கால்களின் அடியிலும் சின்னச் சின்ன மடல்களாக ரத்த அணு உற்பத்தித் திசு இருக்கிறது. அங்கே தாயணுக்கள் பிரிந்து புது அணுக்களை அனுப்புகின்றன. "கிளம்புங்கள்" என்று சொல்லும் புரதம் அஸ்டகைன். 2005-இல் நன்னீர் நண்டிறாலில் கண்டறிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதைச் சுரப்பதில் ரத்த அணுக்களுக்கே பங்குண்டு: போகிறவர்களே ஆளுக்குச் சொல்லியனுப்புகிறார்கள்! சுற்றோட்டத்தில் இருக்கும் அணுக்களிலும் ஒரு சிறு பங்கு பிரியும். குருமா என்ற கடல் இறால் வகைக்கு பாக்டீரியாவின் சுவர்ப்பொருளை ஊசி போட்டபோது அந்தப் பங்கு கூடியது.

எனவே ஒரே தடவை எண்ணாதீர்கள். 2, 24, 48 மணி என்று வரிசையாக எடுங்கள், ஊசி போடாத இறாலையும் கூடவே எண்ணுங்கள். தோலுரிக்கும் பருவத்திலும் எண்ணிக்கை மாறும். இன்னொன்று: ஊசிக்குழாயில் உறைவுத் தடுப்பு திரவத்தை முதலில் இழுத்துக்கொண்டீர்களா? இல்லையென்றால் அணுக்கள் கட்டிகட்டியாக ஒட்டி, நுண்ணோக்கிக் கண்ணாடியில் எண்ணிக்கை குறைவாகத்தான் தெரியும். நானும் முதல் வருடம் இப்படி ஒரு வாரம் வீணாக்கினேன்.

உட்லண்ட்ஸ் தம்பி: என் தொட்டியில் செர்ரி இறால் வளர்க்கிறேன். தடுப்பூசி உண்டா?

நம்மைப்போல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறன் இறாலுக்கு இல்லை, நம் தடுப்பூசி முறை அதற்குப் பொருந்தாது. தண்ணீரைச் சீராக வைத்திருங்கள், அது போதும்.

பாசிர் ரிஸ் அண்ணன்: ஐஸில் வைத்த இறாலின் தலை கறுத்துவிட்டது, நோயா?

பெரும்பாலும் இல்லை அண்ணே. கிருமியைக் கறுப்பாக்கி அடைக்கும் அதே நொதி வகை, இறந்த பிறகும் வேலை செய்கிறது. நாற்றம் இல்லாவிட்டால் தலையை எடுத்துவிட்டு இன்றைக்கே குழம்பு வையுங்கள்.